இங்க ஆள் இருக்கா?

அந்த லுத்தரன் கோயிலுக்கு நீங்கள் புதிதாகப் போனால் முதலில் கண்ணில் படுவது சிலுவையும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. கண்டக்டர்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு பாட்டுப் புத்தகம், வாசல் கதவைத் தன் முதுகாலேயே திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நீங்கள் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "முன்னால போங்க, முன்னால போங்க, முன்னால நிறைய இடம் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கோயில் என்றதும் பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் பூட்டிப் போட்ட அச்சகம், நடுவில் ஒதுங்கி நிற்கிற சின்னக் கட்டடம். உள்ளே பெஞ்சுகள் போட்டிருப்பது இரண்டு பஸ் கூட்டத்துக்கு. வருவதோ அரை பஸ்ஸுக்குக்கூடத் தேறாது. அதிலும் லுத்தரன்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, முன்பெஞ்சு என்றாலே ஆகாது. பீடத்துக்குப் பக்கத்தில் போனால் சுட்டுவிடும் என்று நினைப்பு போலிருக்கிறது. எல்லோரும் நடுவிலும் பின்னாலும் அவரவர் இடத்தைப் பிடித்துவைத்திருப்பார்கள். பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி, அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன், அத்தை உட்கார்ந்த இடத்தில் மருமகள். ஆகவே புதிதாக வருகிறவருக்கு மிச்சம் இருப்பது முன்பெஞ்சு மட்டுந்தான். அங்கேதான் கண்டக்டர் அனுப்புவார்.

அங்கே போய் உட்கார்ந்தவர் பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. இந்த ஆராதனையில் எழுந்திருக்க வேண்டும், உட்கார வேண்டும், முழங்கால் போட வேண்டும், மறுபடி எழுந்திருக்க வேண்டும். எப்போது எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பரம்பரையாக வருகிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் சரியாகச் செய்வார்கள். முன்பெஞ்சுக்காரருக்கோ பார்த்துச் செய்ய முன்னால் ஒரு முதுகு கிடையாது. பின்னால் சலசலவென்று சத்தம் கேட்கும். பதறி எழுந்திருப்பார். அதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். பாவ அறிக்கை நேரத்தில் சபை முழுக்க முழங்காலில் இருக்க, அந்த மனுஷர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நின்றார். திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். ஆராதனை முடிந்து பின்னறையில் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நல்லா இருந்துச்சு என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

இப்படி வந்தவர்கள் எல்லோருமே ஒரு தடவையோடு நின்றார்கள். கண்டக்டர் பழியை ஆர்கன் டீச்சர் மேல் போட்டார். அந்த அம்மா ஒரு வரி வாசித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம், இந்த வேகத்தில் வண்டி ஓட்டினால் எவன் ஏறுவான் என்பது அவர் கட்சி. டீச்சரோ, கதவைத் திறந்ததும் கத்துகிற ஆளைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று தன் கட்சியைச் சொன்னாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அசல் சங்கதி வேறு எங்கேயோ இருந்தது. அது கண்டக்டரின் மூக்குக்குக் கீழேயே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

கோயில் வாசலை ஒட்டி, தூணுக்குப் பின்னால், ஒரு குட்டிப் பெஞ்சு இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம். அது கண்டக்டருடைய இடம். பஸ்ஸில் பின்வாசல் பக்கத்தில் இருந்த அவருடைய பழைய சீட்டு மாதிரியே இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அங்கே அவர் ஓரமாக உட்காருவார். பக்கத்து இடத்தில் நாலாக மடித்த ஒரு கைக்குட்டை இருக்கும். அது அவர் மனைவியின் இடம்.

அந்த அம்மா இருந்த காலத்தில் ஒருநாளாவது ஆராதனைக்கு நேரத்தோடு வந்தது கிடையாது. கதவு திறக்க வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும் என்று இவர் முன்கூட்டியே கிளம்பிவிடுவார். அந்த அம்மா அடுப்பை அணைத்து, குழாயை மூடி, கதவைப் பூட்டி, தெருமுனை வரை வந்து, பூட்டினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து, முழங்கால் வலியோடு நடந்து வந்து சேரும்போது உள்ளே பாவ அறிக்கை நடந்துகொண்டிருக்கும். கதவு ஒரு தரம் கிறீச்சிடும். இவர் திரும்பிப் பார்க்காமலேயே கைக்குட்டையை எடுத்துக்கொள்வார். அந்த அம்மா மூச்சு வாங்க உட்காரும். "பூட்டு சரியா இருந்துச்சா?" என்று இவர் கேட்பார். பேசாம இருங்க என்று அந்த அம்மா முழங்கையால் இடிக்கும். பிரசங்கத்தில் தலை சாய்ந்துவிடும். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் இவர் மோதிர விரலால் பெஞ்சுக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உட்கார வேண்டும் என்றால் ஒரு தட்டு. பஸ்ஸில் விசில் கொடுத்த கணக்கு. அந்த அம்மா தட்டுக்குத் தட்டு எழுந்து உட்காரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, கண்டக்டர் கதவைத் திறந்தார், ஜன்னலைத் திறந்தார், கைக்குட்டையை எடுத்து மடித்துப் பக்கத்தில் போட்டார். கை தானாகச் செய்தது. அதற்கு அடுத்த ஞாயிறு செய்ததற்கு அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது. சபையில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. பாவம், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். விட்டிருக்கக் கூடாது என்பேன் நான். அது கரிசனம் மாதிரி தெரியும், ஆனால் ஒரு மனுஷனை அப்படியே தனியாக உட்காரவைத்துவிடும்.

வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மகன் வெளியூரில் வேலை. போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, இருக்கேன், சரிப்பா வச்சிடறேன். அவ்வளவுதான் பேச்சு. இவரும் இப்போது தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். அதற்காக எத்தனை தடவை மனைவியைத் திட்டியிருப்பார். இப்போது அந்தச் சாக்கிலாவது வீட்டுக்கு ஒருமுறை அதிகமாகத் திரும்பி வரலாம் போலிருக்கிறது. நாள் முழுக்க ஆயிரம் பேரை உரசிக்கொண்டு வாழ்ந்த மனுஷன் அவர். கைக்குக் கை டிக்கெட் கொடுத்து, தோளில் இடித்து, காலை மிதித்து, திட்டு வாங்கி வாழ்ந்தவர். இப்போது திங்கள் முதல் சனி வரை அவர்மேல் ஒரு விரல் படுவதில்லை. கடைக்காரர்கூடச் சில்லறையை மேஜைமேல்தான் வைக்கிறார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையின் நடுவில் சமாதானம் சொல்கிற நேரம் ஒன்று வரும். எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். புதியவர்கள் அதற்குக் கூச்சப்படுவார்கள். கண்டக்டர் வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பார். வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் குட்டிப் பெஞ்சு இருக்கிறதே, தூண் மறைவில், எல்லோருக்கும் எட்டத்தில். மற்றவர்கள் முன்னும் பின்னும் திரும்பிக் கைகொடுத்து முடிப்பதற்குள் ஆர்கன் ஆரம்பித்துவிடும். தூரத்திலிருந்தே ஒருவர் கையை ஆட்டுவார், ஒருவர் தலையை ஆட்டுவார். இவரும் பதிலுக்கு ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். கடைசியில் வாசலில் போதகர் கைகொடுப்பார். அது எல்லோருக்கும் கொடுக்கிற கை, அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிற கை.

அந்தப் போதகர்தான் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் விஷயத்தை உடைத்தார். இரண்டு கோயில்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடி அவருக்கும் முதுகு போயிற்று. மேலிடத்தில் பேசிவிட்டார்களாம். வருஷ முடிவுக்குள் புதிதாக ஒருவராவது இங்கே ஒட்டினால் பார்க்கலாம். இல்லாவிட்டால் இதைப் பூட்டிவிட்டு எல்லோரும் நகரத்துப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டியதுதான். "வர்றவங்களை மறுபடி வரவைக்கிறது உங்க கையிலதான் இருக்கு, கண்டக்டர்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பெரிய கோயிலைக் கண்டக்டருக்குத் தெரியும். அங்கே வாசலில் நிற்கக் கோட்டுப் போட்ட வாலிபர்கள் இருக்கிறார்கள். கதவு தானாகத் திறக்கும். இவர் போனால் கூட்டத்தில் ஒரு தலை, அவ்வளவுதான். வாசலும் போய், குட்டிப் பெஞ்சும் போய், அந்தத் தூரத்துக் கையாட்டலும் போய்விட்டால் பிறகு ஞாயிறு எதற்கு? விடக்கூடாது என்று முடிவு செய்தார். எப்படி? இன்னும் சத்தமாக, இன்னும் உற்சாகமாக, "முன்னால போங்க." இந்த மனுஷரை என்னவென்று சொல்வது. ஒரு இளஞ்ஜோடியைக் கையைப் பிடிக்காத குறையாக முதல் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவர்கள் இரண்டாவது பாட்டிலேயே பக்கவாசல் வழியாக நழுவிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தது அந்த நர்ஸ். ஐம்பது வயசிருக்கும். ராத்திரி டியூட்டி முடிந்து, யூனிஃபார்முக்கு மேலே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் பாட்டுச் சத்தம் கேட்டு நுழைந்தவள். அவள் நுழைந்த நேரம் பாருங்கள். உள்ளே பாவ அறிக்கை. கண்டக்டர் முழங்காலில் இருந்தார். கதவு ஒரு தரம் கிறீச்சிட்டது. அவர் திரும்பவில்லை, ஆனால் கை கைக்குட்டையை நோக்கிப் போய்விட்டது. பக்கத்தில் வந்து நின்றது வெள்ளைச் செருப்பு.

"இங்க ஆள் இருக்கா?" என்று குனிந்து மெதுவாகக் கேட்டாள் நர்ஸ்.

"இருக்கு" என்றார் கண்டக்டர். "வருவாங்க. நீங்க முன்னால போங்க."

அவள் போனாள். முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுந்தபோது உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்தபோது நின்றாள். அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லோரும் பீடத்தருகே முழங்கால் போட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் பையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கண்டக்டர் தூணுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் பெஞ்சுக் கட்டையில் தட்டிக்கொண்டேயிருந்தது, ஒன்று, இரண்டு. அவ்வளவு தூரத்துக்கு அது கேட்குமா?

முடிந்ததும் காபிக்கு நிற்காமல் நேரே வாசலுக்கு வந்தாள். குட்டிப் பெஞ்சைத் தாண்டும்போது நின்றாள். கைக்குட்டை போட்டது போட்டபடி இருந்தது.

"அவங்க கடைசி வரைக்கும் வரலையா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் அவள். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. பின்னால உட்கார்ந்திருந்தா யாரையாவது பார்த்துப் பார்த்து எழுந்திருச்சிருப்பேன். முன்னால ரொம்ப தனியா இருந்துச்சு." பிறகு பஸ் வருகிறதென்று ஓடிவிட்டாள்.

அன்றைக்கு ஜன்னல்களை மூடிவிட்டு அவர் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை பார்த்த ரூட்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களைக் கண்டாலே கண்டக்டருக்கு ஆகாது. நிற்கிறவர்கள் கால் கடுக்க நிற்க, காலி சீட்டில் ஒரு துணி சொகுசாக உட்கார்ந்து வரும். இவர் அதை எடுத்து உயர்த்திப் பிடித்து, "இந்தக் கைக்குட்டை டிக்கெட் எடுத்தாச்சா?" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நிற்கிற ஒரு பெண்ணை அங்கே உட்காரவைப்பார். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போது அவர் காதில் கேட்டது. தன்னை அப்படிக் கேட்க இங்கே ஒரு கண்டக்டர் இல்லாமல் போனாரே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக இருந்தது. அழுதார். காலிக் கோயிலில் அழுவதில் ஒரு வசதி, யாரும் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு கைக்குட்டையைப் போடாமல் இருந்தாரா என்றால், இல்லை. போட்டார். புத்தி சொன்னதைக் கை கேட்க வேண்டுமே. ஒன்று மட்டும் மாறியது. வாசலில் நின்று முன்னால போங்க என்று கத்துவது நின்றுபோனது. வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார், பாட்டுப் புத்தகம் கொடுத்தார், பிடித்த இடத்தில் உட்காருங்கள் என்றார். ஆர்கன் டீச்சர், இவருக்கு உடம்பு சரியில்லையா என்று போதகரிடம் விசாரித்தாள். நர்ஸ் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கதவு கிறீச்சிடும்போதெல்லாம் கண்டக்டர் இப்போது திரும்பிப் பார்த்தார். காற்றுதான். வருஷமோ முடிந்துகொண்டிருந்தது. போதகர் அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று இவர் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

பிறகு ஒரு மழை ஞாயிறு. பாதிப் பேர் வரவில்லை. சபை பாவ அறிக்கைக்காக முழங்காலில் இருந்தது. கதவு கிறீச்சிட்டது. திரும்பினார். நர்ஸ். ஸ்வெட்டர் நனைந்து, முடியிலிருந்து நீர் சொட்டியது. அவள் குட்டிப் பெஞ்சைப் பார்த்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் முன்பெஞ்சை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

விட்டால் போய்விடுவாள். இன்றைக்கு முன்னால் போனால் இனி வரவே மாட்டாள். அது கண்டக்டருக்குத் தெரிந்தது. சபை முழுக்க அமைதியாக இருந்த நேரம் அது. கூப்பிட்டால் எல்லோர் காதிலும் விழும்.

"அம்மா" என்று கூப்பிட்டார். பஸ்ஸின் முன்வாசல் வரை எட்டுகிற பழைய குரல் அது. முழங்காலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "இங்க வாங்க. இங்க ஆள் இல்லை."

அவள் திரும்பி வந்தாள். "வருவாங்கன்னு சொன்னீங்களே?" என்று கிசுகிசுத்தாள்.

"வரமாட்டாங்க" என்றார் கண்டக்டர். "என் வீட்டுக்காரம்மா. செத்துப்போயிட்டாங்க."

அதை அவர் வாயால் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. மகனுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னார்கள், சபைக்குப் போதகர் சொன்னார். இவர் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கைக்குட்டையை எடுத்தார். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அவளிடமே நீட்டினார். அவள் வாங்கி முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு கிறீச்சென்றது. இரண்டு பேர் உட்கார்ந்தால் அது அப்படிச் சத்தம் போடும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

"ரெண்டு தட்டுத் தட்டினா எழுந்திருங்க, ஒரு தட்டுத் தட்டினா உட்காருங்க" என்று காதோரம் சொல்லிவைத்தார். அவள் சரியென்று தலையாட்டினாள். தட்டினார். எழுந்தாள். தட்டினார். உட்கார்ந்தாள். ஒரு பிசகும் இல்லை. ஆர்கன் டீச்சரின் பாட்டு முடிவதற்குள் மழை விட்டுவிட்டது, அவ்வளவு வேகம்.

பிரசங்கத்தில் அவள் கண் சொக்கியது. ராத்திரி முழுக்க விழித்தவள்தானே. தலை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, கடைசியில் கண்டக்டரின் தோளில் வந்து நின்றது. அவர் அசையவில்லை. பஸ்ஸில் இப்படி முன்பின் தெரியாதவர் தோளில் தூங்குகிறவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறார். அங்கே அவருடைய தோளில் யாரும் தூங்கியதில்லை, கண்டக்டர் பெரும்பாலும் நின்றுகொண்டே போகிறவன். பிரசங்கம் முடிந்து சபை எழுந்தது. விரல் தட்டப் போயிற்று. நிறுத்திக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது சமாதானம். வாரம் முழுக்கக் காத்திருந்த நேரம் அது. பக்கத்தில் ஆளும் இருக்கிறது, அவள் கை மடியில் ஈரக் கைக்குட்டையைப் பிடித்தபடி கிடக்கிறது. எழுப்பினால் கொடுத்திருப்பாள். அவர் எழுப்பவில்லை. முன்னே எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் போதகர் பீடத்தை விட்டு இறங்கி, நடைபாதை முழுக்க நடந்து, தூணைச் சுற்றிக் குட்டிப் பெஞ்சுக்கே வந்துவிட்டார். கண்டக்டர் கூப்பிட்ட அந்தக் குரல் அவரையும் என்னவோ செய்திருக்க வேண்டும். இந்தக் கோயிலைப் பூட்டுவார்களா மாட்டார்களா என்பது அன்று அவருக்கே தெரியாது, ஒருத்தி இரண்டாம் தடவை வந்து உட்கார்ந்ததை, ஒட்டிவிட்டாள் என்று கணக்கில் சேர்த்துவிடவும் முடியாது. கண்டக்டரின் வலது தோள் வேலையில் இருந்ததால் இடது கையைத்தான் நீட்ட முடிந்தது. போதகர் அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் நர்ஸ் பக்கம் போயிற்று. யார் என்று புருவத்தாலேயே கேட்டார்.

"எழுப்பாதீங்க" என்றார் கண்டக்டர் மெதுவாக. "இங்க ஆள் இருக்கு."